சீறியது எந்த நட்சத்திரம்? மூன்று முறை தப்பாகச் சொன்ன கணக்கு

போன சனிக்கிழமை ராத்திரி பதினொன்றரை மணிக்கு, ஒரு வழியாகப் பச்சை வட்டம் சிவப்பு வட்டத்தின் மேல் போய் உட்கார்ந்தது. பச்சை, டெர்ஸான் 5 என்ற நட்சத்திரக் கொத்தை 2000-ஆம் ஆண்டு எடுத்த எக்ஸ்ரே படத்தில், சீறிக்கொண்டிருந்த நட்சத்திரம் என்று நான் கணக்குப் போட்டுக் குறித்த இடம். சிவப்பு, அதே கொத்தின் 2003-ஆம் ஆண்டுப் படத்தில் சத்தமில்லாமல் இருந்த ஒரு புள்ளி. இரண்டுக்கும் நடுவே கால் விகலை இடைவெளிகூட இல்லை (ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு ஒரு விகலை). சீறியது எந்தப் புள்ளி என்று கண்டுபிடிக்க மூன்று மாதம் ஆனது. நடுவில் மூன்று முறை தப்பான விடையை நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன். யாராவது இதையே செய்யக் கிளம்பினால் உதவும் என்று அந்தத் தப்புகளையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் வானியல் படித்தவன் இல்லை. பல் டாக்டர்களிடமும் சின்ன கிளினிக்குகளிலும் இருக்கும் எக்ஸ்ரே மெஷின்களைப் பழுது பார்ப்பது என் வேலை. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். பத்து வருடமாகத் தென்னாப்பிரிக்காவில், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறேன். ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு ஒரு அறை, அதற்கு மேலே தகரக் கூரை. ஜூலை மாதம் ராத்திரி பத்தரை மணிக்கு வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால் தனுசு ராசி நேராகத் தலைக்கு மேல் நிற்கும். டெர்ஸான் 5 அங்கேதான் இருக்கிறது. உச்சியிலிருந்து வடக்கே ஐந்து பாகைதான் தள்ளி. கண்ணுக்குத் தெரியாது, பால்வீதியின் நடுப்பகுதித் தூசி அதை மூடியிருக்கிறது. எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். ஆனால் எக்ஸ்ரே நம் காற்றைத் தாண்டிக் கீழே வராது. அதனால் தொலைநோக்கி எல்லாம் விண்வெளியில், நமக்கு அதன் பழைய பதிவுகள்.

டெர்ஸான் 5 ஒரு கோளக் கொத்து. லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் ஒரு பந்தாகச் சேர்ந்து, சுமார் இருபதாயிரம் ஒளியாண்டுத் தொலைவில். நெரிசல் அதிகம் என்பதால் இறந்துபோன நியூட்ரான் நட்சத்திரங்கள் பக்கத்து நட்சத்திரத்தைத் தங்களோடு சேர்த்துக்கொள்வது அங்கே சாதாரணம். துணையிடமிருந்து வாயுவை உறிஞ்சி, வருடக்கணக்கில் அமைதியாக இருந்துவிட்டு, திடீரென்று சில வாரங்களுக்குச் சீறும். அப்போது எக்ஸ்ரே பல ஆயிரம் மடங்கு கூடும். வானம் முழுக்கச் சுற்றிப் பார்க்கும் கருவிகள் 'டெர்ஸான் 5-ல் ஏதோ சீறுகிறது' என்று சொல்லிவிடும். எது என்று அவற்றால் சொல்ல முடியாது.

என்னை இழுத்தது 2010 அக்டோபரில் நடந்த விஷயம். இன்டெக்ரல் செயற்கைக்கோள் டெர்ஸான் 5-ல் ஒரு சீற்றத்தைப் பார்த்தது. அங்கே ஏற்கெனவே பெயர் எடுத்த ஒரு பழைய கில்லாடி உண்டு, எக்ஸோ 1745-248. அதுதான் திரும்பவும் கிளம்பிவிட்டது என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் ஆர்எக்ஸ்டிஇ என்ற எக்ஸ்ரே செயற்கைக்கோள் பார்த்தபோது நொடிக்கு 11 தடவை துடிப்பு, துணையை 21 மணி நேரத்தில் ஒரு சுற்று. இதற்கு நடுவில் நிலா வேறு டெர்ஸான் 5-ஐக் கொஞ்ச நேரம் மறைத்தது. எக்ஸ்ரே பட்டென்று நின்று, பிறகு திரும்ப வந்தது. மறைந்த நேரமும் திரும்பிய நேரமும் தெரிந்தால் நிலாவின் விளிம்பை வைத்தே இடத்தைக் கணக்கிடலாம். விண்வெளியில் இருக்கும் சந்திரா என்ற எக்ஸ்ரே தொலைநோக்கி இடத்தைத் துல்லியமாகச் சொன்னதும் தெளிவாகிவிட்டது: பழைய கில்லாடி இல்லை, இது வேறு ஆள். ஐஜிஆர் ஜே17480-2446 என்பது அதன் பெயர். பக்கத்துப் பக்கத்து வீட்டில் இரண்டு பேர், புகார் வந்தது ஒருவர் மேல், செய்தது இன்னொருவர். இதை என் கையால் ஒரு தடவையாவது செய்து பார்க்க வேண்டும் என்று ஆசை.

2010-க்கே நேராகப் போகவில்லை. விடை தெரிந்த ஒரு கணக்கை முதலில் போட்டுப் பார்ப்போம் என்று 2000-ஆம் ஆண்டை எடுத்தேன். வானியலாளர் கிரேக் ஹைன்கே குழுவினர் அமைதியான மங்கல் நட்சத்திரங்களைப் பார்க்கத்தான் அந்த வருடம் சந்திராவை டெர்ஸான் 5 பக்கம் திருப்பினார்கள். பார்த்தால் எக்ஸோ 1745-248 சீறிக்கொண்டிருக்கிறது. அவர்களுக்கு அது தொந்தரவு, எனக்கு அதுதான் பாடம். அது அடங்கியபின், 2003-இல், சந்திரா மறுபடி படம் எடுத்தது. அந்தப் பதிவின் எண் 3798. அதில் கொத்தின் உள்பகுதியில் மட்டும் 50 எக்ஸ்ரே புள்ளிகள் என்று ஹைன்கே குழு 2006-இல் எழுதியது. என் கணக்கு இதுதான்: 2000-இல் சீறியது, 2003-இல் தெரியும் அந்தக் கூட்டத்தில் எந்தப் புள்ளி?

மே மாதம் தொடங்கினேன். ஊர் ஊராக முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தும் ஸ்டேஜ் 6 மின்வெட்டு நடந்துகொண்டிருந்த சமயம். தெரிந்த ஒருவரிடம் பழைய லேப்டாப் 3,800 ரேண்டுக்கு வாங்கினேன். 8 ஜிபி நினைவகம், பேட்டரி அரை மணி நேரம்கூட நிற்காது. விண்டோஸைத் துடைத்துவிட்டு உபுண்டு போட்டேன். சந்திரா பதிவுகளை அலசும் மென்பொருளுக்கு சியாவோ என்று பெயர், இலவசம். கோண்டா என்ற நிறுவும் கருவி வழியாக இறக்கலாம். அதோடு கருவியின் அளவுத்திருத்தக் கோப்புகளும் இறங்கும், அது மட்டும் சில ஜிபி. என்னிடம் ஃபைபர் இல்லை, மொபைல் டேட்டாதான். பகல் டேட்டா கட்டுப்படியாகாது என்று நள்ளிரவு முதல் காலை ஐந்து வரை மட்டும் ஓடும் ராத்திரி டேட்டா போட்டுக்கொண்டேன்.

முதல் ராத்திரி இரண்டு மணிக்கு மின்வெட்டு. ரூட்டர் போச்சு, அரைகுறையாக இறங்கிய நிறுவலும் குழம்பிப் போச்சு. இரண்டாம் ராத்திரியும் அதே கதை. மூன்றாம் நாள் ரூட்டருக்கு 650 ரேண்டில் ஒரு குட்டி யுபிஎஸ் வாங்கினேன். லேப்டாப்புக்கு வீட்டில் கிடந்த பழைய கார் பேட்டரியும், 900 ரேண்டுக்கு வாங்கிய ஒரு இன்வெர்ட்டரும். இதை முதல் நாளே செய்திருந்தால் இரண்டு ராத்திரி டேட்டாவும் மிஞ்சியிருக்கும், தூக்கமும் மிஞ்சியிருக்கும். பக்கத்து வீட்டுத் தாத்தா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார், "என்ன தம்பி, ஊரே இருட்டு, உன் ரூம்ல மட்டும் ராவெல்லாம் வெளிச்சம்?" எண்பதைத் தாண்டியவர். அவருடைய தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். வீட்டில் இங்கிலீஷ்தான், என்னிடம் மட்டும் தேடித்தேடித் தமிழ் பேசுவார். நட்சத்திரத்தை எக்ஸ்ரே எடுத்த படம் பார்க்கிறேன் என்றேன். "எலும்பு தெரியுதா?" என்றார். ஒருவகையில் சரியான கேள்விதான். நியூட்ரான் நட்சத்திரம் என்பது இறந்த நட்சத்திரத்தின் எலும்புதானே.

பதிவுகளை இறக்கியதும் முதல் வேலை, சந்திரா_ரீப்ரோ என்ற கட்டளையை ஓட்டுவது. பழைய பதிவைப் புதிய அளவுத்திருத்தத்தோடு மறுபடி தயார் செய்து தரும். 2003 பதிவு என் லேப்டாப்பில் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடிந்தது. 2000 பதிவில் சீற்றத்தின் ஃபோட்டான்கள் கொட்டிக் கிடப்பதால் கூடுதல் நேரம். பிறகு டிஎஸ்9 என்ற மென்பொருளில் திறந்து, வெளிச்ச அளவை லாக் முறைக்கு மாற்றினேன். மாற்றாவிட்டால் ஒரே ஒரு வெள்ளைப் பொட்டுதான் தெரியும்.

அந்தப் படத்தைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. நடுவில் பெரிய பூ மாதிரி வெளிச்சம். பூவின் நடுவில் ஒரு ஓட்டை, வடையில் இருக்குமே அந்த மாதிரி. அந்த ஓட்டை வழியாகப் படத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை மெல்லிய ஒரு கோடு. எங்கள் தொழிலில் சென்சரில் இப்படி ஓட்டை தெரிந்தால் முதலில் செத்த பிக்சல் என்றுதான் சந்தேகப்படுவோம். கோடு தெரிந்தால் அந்த வரிசையே போச்சு என்று அர்த்தம். அதனால் கெட்ட பிக்சல் பட்டியல் கோப்பைத் திறந்து இரண்டு நாள் நோண்டினேன். ஒன்றும் இல்லை. அதே சில்லு, அதே இடம், வேறு பதிவுகளில் சுத்தமாக இருக்கிறது.

பிறகுதான் புரிந்தது. பல் டாக்டரின் சென்சர் மொத்த வெளிச்சத்தை அளக்கும். சந்திராவின் சில்லு ஒவ்வொரு ஃபோட்டானையும் தனித்தனியாக எண்ணப் பார்க்கும். வழக்கமான முறையில் 3.2 நொடிக்கு ஒரு தடவைதான் சில்லைக் காலி செய்து எண்ணும். கோயில் உண்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். 3.2 நொடிக்கு ஒருமுறை திறந்து எண்ணுகிறோம். அதற்குள் ஒரே குழியில் இரண்டு ஒரு ரூபாய்க் காசு விழுந்து ஒட்டிக்கொண்டால் எண்ணுபவர் அதை ஒரு இரண்டு ரூபாய்க் காசு என்று எழுதிவிடுவார். எண்ணிக்கையும் தப்பு, மதிப்பும் தப்பு. பத்துக் காசு ஒன்றாக ஒட்டி உருத்தெரியாமல் கிடந்தால் செல்லாக் காசு என்று தூக்கியே போட்டுவிடுவார். சீறும் நட்சத்திரத்தின் நட்ட நடுவில் நடப்பது இதுதான். ஃபோட்டான்கள் அவ்வளவு குவிவதால் கருவி அவற்றை அண்டக் கதிரின் குப்பை என்று நினைத்துக் கழித்துவிடுகிறது. எங்கே வெளிச்சம் மிக அதிகமோ அங்கே ஓட்டை. இதைக் குவிப்பு என்று என் நோட்டில் எழுதி வைத்தேன்.

கோடும் பழுதில்லை. சில்லைக் காலி செய்யும்போது வரிசைகளை ஒன்றொன்றாக நகர்த்துகிறார்கள், மொத்தம் சுமார் 41 மில்லி நொடி. அந்த இடைவெளியிலும் நட்சத்திரம் சும்மா இருக்காதே. அப்போது விழும் ஃபோட்டான்கள் தப்பான வரிசையில் பதிவாகி ஒரு கோடாகத் தெரிகின்றன. இந்தக் கோடு பிற்பாடு என்னைக் காப்பாற்றியது.

இதெல்லாம் தெரிவதற்கு முன்னாலேயே முதல் தப்பைச் செய்து முடித்திருந்தேன். வேவ்டிடெக்ட் என்று ஒரு கருவி, படத்தில் புள்ளிகளைத் தானாகக் கண்டுபிடித்து இடம் சொல்லும். ஓட்டினேன். ஓட்டையைச் சுற்றியுள்ள வளையத்தில் ஐந்தாறு புள்ளி, கோட்டின் மேல் வரிசையாக ஒரு டஜன் புள்ளி என்று அள்ளிக் கொடுத்தது. எல்லாம் பொய்ப் புள்ளிகள். நான் என்ன செய்தேன்? அதில் எண்ணிக்கை அதிகமான ஒன்றை எடுத்து, அதன் இடத்தை 2003 படத்தில் போட்டு, பக்கத்தில் இருந்த புள்ளியைச் 'சீறியது இதுவே' என்று எழுதினேன். வளையத்தின் ஒரு ஓரத்தை மையம் என்று எடுத்ததால் ஒரு விகலைக்கு மேல் பிசகு. வானத்தில் ஒரு விகலை ஒன்றுமே இல்லாத அளவு. ஆனால் இந்தக் கொத்தின் மையப்பகுதியே ஆரம் சுமார் 9 விகலைதான், அதற்குள் புள்ளிகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. இருபதாயிரம் ஒளியாண்டுத் தொலைவில் ஒரு விகலை என்பது ஒளியாண்டில் பத்தில் ஒரு பங்கு. நமக்கு அடுத்த நட்சத்திரம் நாலே கால் ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. நெரிசல் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்விஃப்ட் செயற்கைக்கோளின் எக்ஸ்ரே படத்தில் ஒரு புள்ளியே சுமார் 18 விகலை அகலத்துக்குப் பரந்து விழும், மையப்பகுதி முழுக்க ஒரே பொட்டு. சந்திராவின் ஒரு பிக்சல் அரை விகலை. அதனால்தான் இந்த வேலைக்கு அதை விட்டால் ஆள் இல்லை.

ஹைன்கே குழுவின் பட்டியலில் எக்ஸோ 1745-248-க்குச் சிஎக்ஸ்3 என்று பெயர். நான் எழுதிய புள்ளி அது இல்லை. முதல் தப்பு.

இரண்டாவது தப்பு, புத்திசாலித்தனம் காட்டப் போய் வந்தது. அமைதியாக இருக்கும் நியூட்ரான் நட்சத்திரம் பெரும்பாலும் மென்மையான, அதாவது ஆற்றல் குறைந்த எக்ஸ்ரே விடும், சீற்றத்தில் சூடேறிய மேற்பரப்பு மெல்ல ஆறுவதால். அதனால் 2003 படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் 2 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே எத்தனை, மேலே எத்தனை என்று எண்ணி, மென்மையான புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு, இடத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு வாரம் இந்த எண்ணிக்கையிலேயே போனது. நேர்த்தியான அட்டவணை, தப்பான விடை. எக்ஸோ 1745-248 அமைதியாக இருக்கும்போதும் வன்மையான, ஆற்றல் கூடிய எக்ஸ்ரேதான் விடுகிறது. 2003 பதிவை அலசிய கட்டுரையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வன்மையான பகுதியே என்று இருக்கிறது. நான் முதல் வேலையாக வடிகட்டித் தூக்கிப் போட்ட ஆளே குற்றவாளி. இப்போதும் அந்த அட்டவணையை வைத்திருக்கிறேன், பார்த்தால் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

ஜூன் கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, இடத்தை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தேன். இரண்டு கேள்வி. 2000 படத்தில் ஓட்டையின் உண்மையான மையம் எது? இரண்டு படங்களும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துகின்றனவா?

மையத்துக்குக் கோடு உதவியது. கோடு நட்சத்திரத்தின் வழியாகத்தான் போகும். ஓட்டையிலிருந்து தள்ளி, இரண்டு பக்கமும் கோட்டைக் குறுக்கே வெட்டி, ஒவ்வொரு வெட்டிலும் ஃபோட்டான்களின் சராசரி இடத்தை எடுத்தேன். இருபத்து நாலு வெட்டு. அவற்றின் வழியே ஒரு நேர்கோடு போட்டால், ஒரு திசையில் இடம் ஒரு பிக்சலில் பத்தில் ஒரு பங்குக்குத் தெரிந்துவிடும். கோட்டில் விழும் ஃபோட்டான்கள் பரவலாக விழுவதால் குவிப்பு இல்லை.

கோட்டின் நெடுக்கே எங்கே என்பது மீதி. அதற்குப் பூவின் இதழ்களைப் பிடித்துக்கொண்டேன். ஓட்டையையும் கோட்டையும் மூடிவிட்டு, வெளியே 5 பிக்சல் முதல் 20 பிக்சல் வரை உள்ள மங்கல் வெளிச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு உத்தேச மையத்தைச் சுற்றிப் படத்தை அரை வட்டம் திருப்பி, பழைய படத்திலிருந்து கழித்தால் மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பது. சரியான மையமாக இருந்தால் மிச்சம் மிகக் குறைவாக வரும். சப்பாத்தியை மடித்து ஓரம் சேருகிறதா என்று பார்ப்பது மாதிரி. பைத்தானில் நாற்பது வரி. மையத்தைப் பத்தில் ஒரு பிக்சல் வீதம் நகர்த்தி நானூறு இடத்தில் பார்க்கச் சொல்லிவிட்டுத் தூங்கப் போனேன். முதல் தடவை நினைவகம் பற்றாமல் நடுவிலேயே நின்றுவிட்டது. முழுப் படத்தையும் ஏற்றியிருந்தேன், முட்டாள்தனம். நடுப்பகுதியை மட்டும் நூறுக்கு நூறு பிக்சல் வெட்டிக் கொடுத்ததும் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. சந்திராவின் கண்ணாடி விடும் உரு முழுச் சமச்சீர் இல்லை என்பதால் இதை நூற்றுக்கு நூறு நம்பக் கூடாது. ஐந்தில் ஒரு பிக்சல் பிசகு என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்தது பொருத்தம். இரண்டு படத்திலும் ஆயத்தொலைகள் எழுதியிருக்கின்றன, அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் இருந்தேன். சந்திரா தான் பார்க்கும் திசையைச் சொல்வதிலேயே அரை விகலை வரை பிசகு வருவது சாதாரணம். அதைச் சரிசெய்ய, சீறும் நட்சத்திரத்தை விட்டுவிட்டு, இரண்டு படத்திலும் தெரியும் மங்கலான மற்ற புள்ளிகளைப் பிடிக்க வேண்டும். 2000 படத்தில் அந்தக் கண்கூசும் வெளிச்சத்தையும் மீறி, கொத்தைச் சேர்ந்த இன்னும் ஒன்பது புள்ளிகளை ஹைன்கே குழு கண்டுபிடித்திருந்தது. எனக்குத் தெளிவாகக் கிடைத்தவை ஆறு. ஒன்று கோட்டுக்கு ஒட்டி இருந்ததால் கழித்தேன். இன்னொன்றுக்கு வெறும் ஏழு ஃபோட்டான், அதையும் கழித்தேன். மீதி நாலு. கொத்துக்கு வெளியே தள்ளி இருந்த இரண்டையும் சேர்த்தால் ஆறு. ஆறும் ஒரே திசையில், அரை விகலைக்குக் கொஞ்சம் குறைவாகத் தள்ளி இருந்தன. அந்த நிமிடம் எனக்குக் கிடைத்த சந்தோஷம் கடைசி விடை வந்தபோதுகூட இல்லை. ஆறு மங்கல் புள்ளிகள், ஒவ்வொன்றிலும் இருபது முப்பது ஃபோட்டான், எல்லாம் சொல்லிவைத்த மாதிரி ஒரே பக்கம் கை காட்டுகின்றன.

அந்தச் சந்தோஷத்தில் மூன்றாவது தப்பு. நகர்த்த வேண்டிய திசையைத் தலைகீழாகப் போட்டுவிட்டேன். வானப் படத்தில் கிழக்கு இடது பக்கம். பூமியின் வரைபடத்தைப் பார்த்துப் பழகிய கைக்கு அது வலது பக்கம். அரை விகலைப் பிசகைச் சரிசெய்வதற்குப் பதிலாக ஏறக்குறைய ஒரு விகலை ஆக்கிவிட்டேன். பச்சை வட்டம் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில், யாருக்கும் சொந்தமில்லாமல் நின்றது. கணக்கு எல்லாம் வீண் என்று நான்கு நாள் லேப்டாப்பையே திறக்கவில்லை.

தப்பைக் கண்டுபிடித்தது ஒரு எளிய சோதனையால். திருத்திய படத்தில் அந்த ஆறு புள்ளிகளையும் மறுபடி அளந்து பார்த்தேன். திருத்தம் சரியென்றால் வித்தியாசம் பூஜ்யத்துக்கு வர வேண்டும். இரட்டிப்பாகியிருந்தது. கையால் நகர்த்துவதை விட்டுவிட்டு, இதற்கென்றே சியாவோவில் இருக்கும் டபிள்யூசிஎஸ்_மேட்ச், டபிள்யூசிஎஸ்_அப்டேட் என்ற இரண்டு கட்டளைகளிடம் கொடுத்தேன். பத்து விநாடி வேலை. சனிக்கிழமை ராத்திரி பச்சை வட்டம் சிஎக்ஸ்3 மேல் உட்கார்ந்தது.

இடம் கிடைத்தால் மட்டும் அது நியூட்ரான் நட்சத்திரம் என்று ஆகிவிடாது, கருந்துளையும் இப்படிச் சீறலாம். இதில் எனக்கு வேலை இல்லை. 1980-லேயே ஜப்பானின் ஹக்குச்சோ செயற்கைக்கோள் டெர்ஸான் 5-லிருந்து சில நொடி வெடிப்புகளைப் பார்த்துவிட்டது. மேலே சேர்ந்த வாயு ஒரே மூச்சில் அணுப்பிணைவில் எரிவதால் வருபவை அவை. சட்டென்று ஏறி, ஆறிக்கொண்டே இறங்கும். எரிவதற்கு ஒரு தரை வேண்டும், கருந்துளைக்குத் தரை கிடையாது. நொடிக் கணக்கில் நடக்கும் இந்த வெடிப்பும் வாரக் கணக்கில் நடக்கும் சீற்றமும் வேறு வேறு. நான் முதல் மாதம் முழுக்க இரண்டையும் குழப்பிக்கொண்டிருந்தேன்.

இன்னொரு கோமாளித்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 2010 ஆளின் 11 தடவைத் துடிப்பு போல இந்தப் பதிவிலும் ஏதாவது துடிப்பு தெரிகிறதா என்று அலைவெண் கணக்கு ஓட்டினேன். நொடிக்கு 11 தடவை என்றால் ஒரு துடிப்பு 90 மில்லி நொடி. என்னிடம் இருப்பதோ 3.2 நொடிக்கு ஒரு எண்ணிக்கை. பம்பரம் சுற்றுவதை மூன்று நொடிக்கு ஒரு தடவை கண்ணைத் திறந்து பார்ப்பவன் அது எத்தனை சுற்று என்று சொல்ல முடியுமா? மாலை ஐந்து மணிக்குத்தான் இது உறைத்தது.

செலவுக் கணக்கு: லேப்டாப் 3,800, ரூட்டர் யுபிஎஸ் 650, இன்வெர்ட்டர் 900, ராத்திரி டேட்டா மூன்று மாதத்துக்கு 540. மொத்தம் 5,890 ரேண்ட். கார் பேட்டரி ஏற்கெனவே வீட்டில் கிடந்தது. மென்பொருளுக்கும் பதிவுகளுக்கும் ஒரு சென்ட்கூடக் கிடையாது. சந்திரா பதிவுகள் எடுத்தவர்களின் தனிக் காலம் முடிந்ததும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். நம் சந்திரசேகர் பெயரை வைத்த தொலைநோக்கி என்று தாத்தாவிடம் சொன்னபோது, "நம்ம ஆளா?" என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

மறுபடி செய்தால் முதலில் மங்கல் புள்ளிகளைப் பொருத்துவேன், பிரகாசமான நட்சத்திரத்தைக் கடைசியில்தான் தொடுவேன். தானாகக் கண்டுபிடிக்கும் கருவியை ஓட்டையும் கோட்டையும் மூடாமல் ஓட்டவே மாட்டேன். மென்மையா வன்மையா என்பதை வைத்து ஆளை முன்கூட்டியே தீர்மானிக்க மாட்டேன். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னாலும் அதே புள்ளிகளைத் திரும்ப அளப்பேன், இது எங்கள் தொழிலில் மெஷினைக் கழற்றிப் பூட்டிய பிறகு கட்டாயம் செய்வதுதான், இங்கே ஏன் மறந்தேன் என்று தெரியவில்லை. முடிந்தால் 16 ஜிபி நினைவகம் போடுவேன். முக்கியமாக, வலது இடது கிழக்கு மேற்கு என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் திரையின் மேல் ஒட்டுவேன். ஒட்டியும்விட்டேன்.

சனிக்கிழமை வட்டம் பொருந்தியதும் வெளியே வந்தேன். நல்ல குளிர். தாத்தா போர்வையோடு வாசலில் உட்கார்ந்திருந்தார், மின்வெட்டு நேரத்தில் அவருக்குத் தூக்கம் வராது. தலைக்கு மேலே கையைக் காட்டி, அங்கேதான் என்றேன். அண்ணாந்து பார்த்தார். "ஒண்ணும் தெரியலையே." தெரியாது தாத்தா, தூசி மறைக்குது என்றேன். நிலா ஒருமுறை அதை மறைத்த கதையைச் சொன்னேன். அதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மறைச்சா எப்படிம்மா தெரியும், மறைஞ்சது எதுன்னு?" என்றார்.

அதற்கு விடை சொல்ல அந்தப் பதிவு வேண்டும். ஆர்எக்ஸ்டிஇ படம் எடுக்கவில்லை, ஆனால் ஒவ்வொரு ஃபோட்டானும் வந்த நேரத்தை மைக்ரோ நொடி வரை குறித்தது. 2010 அக்டோபர் கோப்புகளை நேற்று நள்ளிரவில் இறக்கப் போட்டேன். காலை ஐந்து மணிக்கு டேட்டா நின்றபோது பாதிதான் வந்திருந்தது. மீதி இன்று ராத்திரி.